ஆச்சா மரம் விழுந்த பங்கு

மார்கழி 15, திங்கள்

உரக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. எனக்குத் திட்ட வேண்டிய ஆட்கள் அதிகம். நேரில் திட்டினால் வியாபாரம் போகும், மனதுக்குள் திட்டினால் தூக்கம் போகும். எழுதிவிட்டால் இரண்டும் தங்கும் என்று ஆரம்பிக்கிறேன்.

முதல் திட்டு என் மகன் தீபனுக்கு. ஓசூரில் கம்பெனி வேலை. காலையில் போன் செய்தான்.

"அம்மா, இந்த வருசம் தடம் வெட்ட நான் வர முடியாது. லீவு இல்ல. ஆள் வெச்சு வெட்டிக்கோங்க."

"கூலிக்கை ஆகாதுன்னு உனக்குத் தெரியாதாடா?"

"அப்போ விட்ருங்க. கடையக் குடுத்துட்டு இங்க வந்துருங்க. நாலாவது மாடி. நல்ல காத்து."

நாலாவது மாடியில் காற்று வாங்கலாம். அங்கே உட்கார்ந்து இரும்பு விற்க முடியுமா? காற்று வாங்குவதற்கா நான் முப்பது வருஷம் வெயிலில் நின்றேன்? புருஷன் போன பிறகு அரிவாளைத் தலையில் சுமந்து சந்தை சந்தையாக விற்றுக் கட்டியது இந்தப் பாவாயி இரும்புக்கடை.

என் வியாபாரமே மஞ்சக்கொம்பை மலையை நம்பித்தான். அங்கே ரோடு கிடையாது, கழுதைத்தடம்தான். கோடாலியும் கொடுவாளும் ஆணியும் கழுதை மேல் ஏறும்; புளியும் சாமையும் இறங்கும். மழை முடிந்தால் தடம் முழுக்க உண்ணிச்செடியும் மூங்கிலும் அடைத்துக்கொள்ளும். கழுதை ஓட்டுகிற ஒவ்வொரு வீடும் தன் பங்கைத் தானே வெட்டித் திறக்க வேண்டும். வீட்டு ஆள்தான் வெட்ட வேண்டும். அடுத்தவர் கோடாலி ஒரு தடவை பட்டாலும் பங்கு போச்சு. மாட்டுப்பொங்கல் அன்று ஊர்க்கவுண்டர் வீட்டுக் கொம்புக்காளை மேலிருந்து நடந்து இறங்கும். கொம்பில் எங்கேயாவது கொப்பு உரசினால் அந்தப் பங்கு தவறியது. தவறிய வீட்டுக் கழுதை அந்த வருஷம் தடத்தில் ஏறக் கூடாது. பங்கு பக்கத்துப் பங்குக்காரருக்குப் போய்விடும்.

என் பக்கத்துப் பங்குக்காரர் புளிமண்டி செங்கோடன். மூன்று வருஷம் முன்னால் தன் மண்டி வாசலில் கோடாலியைத் தொங்கவிட்டு விற்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து நான் அந்த ஆளோடு பேசுவதில்லை. அந்த ஆள் என்னோடு பேசுவதைத்தான் நிறுத்த முடியவில்லை.

இப்போது என் வீட்டில் வீட்டு ஆள் என்றால் நான் ஒருத்திதான். நானே வெட்டுவேன். ஓசூருக்குப் போக மாட்டேன்.

மார்கழி 16, செவ்வாய்

கடையில் இருப்பதிலேயே பளபளப்பான கோடாலியை எடுத்துக்கொண்டேன். காம்பில் வார்னிஷ் மினுங்குகிறது.

கோகிலா சிரித்தாள். என் கடையில் கணக்கையும் வாயையும் பார்த்துக்கொள்கிறவள்.

"அக்கா, நீங்க எப்பவாச்சும் ஒரு வெறகு பொளந்திருக்கீங்களா?"

இல்லை. சந்தையில் யாராவது வெட்டிக் காட்டச் சொன்னால், "நீங்களே வெட்டிப் பாருங்க, கைக்கு ஒத்து வருதான்னு உங்களுக்குத்தானே தெரியணும்" என்று அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். பேச்சில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினேன். கோகிலாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "வாயை மூடிட்டு ஆணிய நிறு" என்றேன்.

மார்கழி 18, வியாழன்

முதல் நாள். ஊற்றுக்கண்ணிலிருந்து எல்லைக்கல் வரை எங்கள் பங்கு. போன வருஷம் தீபன் வெட்டும்போது கட்டுச்சோறு கொண்டு போனேன். அப்போது தடம் இவ்வளவு நீளமாக இல்லை.

முதலில் மூங்கில் ஒன்று குறுக்கே. ஓங்கிப் போட்டேன். கோடாலி துள்ளி என் காதுப் பக்கமாகத் திரும்பி வந்தது. மூங்கிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ஒரு உசிலைக் கொப்பு. அதில் கோடாலி மாட்டிக்கொண்டது. இழுத்தேன். காம்பு கையோடு வழுக்கி வந்தது, நான் உண்ணிச்செடிக்குள் உட்கார்ந்தேன்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் செங்கோடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது.

"என்னுங்க அம்மிணி, கட்டையத் தாலாட்டறீங்களா?"

"உங்க பங்கப் பாருங்க."

"பாத்தாச்சுங்க. அடுத்து எனக்கு வரப்போற பங்கையும் ஒருக்காப் பாத்துக்கலாம்னு வந்தேன்."

செடிக்குள்ளிருந்து எழுந்திருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

"கோடாலி எந்தக் கடைல வாங்குனீங்க?"

முறைத்தேன்.

"ஐயோ, அந்தக் கடையா? அந்தக் கடைக்காரி ரொம்ப மோசமாச்சே. மாத்திக் கேட்டாக் குடுக்கவே மாட்டா."

இவர் ஆயுசில் ஒரு நாள்கூட நல்ல புளி தின்னாமல் போகட்டும்.

என்னை அம்மிணி என்று கூப்பிட இந்த ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது என்றும் யோசித்துக்கொண்டே இறங்கினேன். யோசனை அடிவாரம் வரைக்கும் வந்தது.

மார்கழி 19, வெள்ளி

கை முழுக்கக் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை.

மார்கழி 21, ஞாயிறு

கோடாலியைக் கொண்டுபோய் என் கடை மேஜையிலேயே போட்டேன். "இது ஆகாது, வேற குடு" என்றேன். கோகிலா நிமிராமல் என் தலைக்கு மேலே விரலைக் காட்டினாள். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.' நான் எழுதி மாட்டிய பலகைதான்.

"அக்கா, வாய் வெச்சீங்களா?"

வைக்கவில்லை. புதுக் கோடாலிக்கு வாய் இருக்காது, வாங்குகிறவர்தான் சாணை பிடித்துக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். எனக்கு நானே விற்றுக்கொண்டபோது சொல்ல மறந்துவிட்டேன். போதாததற்கு நான் எடுத்தது விறகு பிளக்கிற கோடாலி. கன்னம் தடித்தது. நீட்டு வாக்கில் பிளக்கும்; குறுக்கே வெட்டினால் எகிறும். மினுக்கைப் பார்த்து எடுத்தேன். மினுக்கைப் பார்த்து எடுக்கிறவர்களை நினைத்து எத்தனை தடவை உள்ளுக்குள் சிரித்திருப்பேன்!

மூலையில் யாரும் வாங்காமல் கறுத்துக் கிடந்த ஒல்லிக் கோடாலியை எடுத்தேன். வெக்காலி மரத்துக் காம்பு, லேசில் உடையாது. சாணை பிடித்தேன். வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். காம்புத் தலையில் ஆப்பு இறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டேன். உண்ணிச்செடிக்குக் கோடாலி எதற்கு, கொடுவாள் போதும் என்று கோகிலா சொன்னாள். அதையும் எடுத்துக்கொண்டேன்.

மார்கழி 24, புதன்

இன்று வெட்டியது எனக்கே பிடித்திருந்தது. நேராகப் போடக் கூடாது. இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு, நடுவில் சில் பறக்கும். கோபத்தோடு போட்டால் கோடாலி எங்கேயோ போகிறது. கோடாலியின் கனத்தை அதன் போக்கில் விட்டால் தானாகவே இறங்குகிறது. பாதிப் பங்கு திறந்துவிட்டது. தடம் வெளிச்சமாக இருக்கிறது. அதில் முன்னும் பின்னும் இரண்டு தடவை சும்மாவே நடந்து பார்த்தேன்.

மத்தியானம் செங்கோடன் வந்து கல்லின் மேல் உட்கார்ந்தார். தூக்கில் மோர் இருந்தது, ஊற்றிக் கொடுத்தேன். அவருக்கென்று கொண்டு போகவில்லை. தூக்கு பெரியது. சின்னத் தூக்கு வீட்டில்தான் இருக்கிறது, ஓட்டை எதுவும் இல்லை, ஆனால் பெரியதில்தான் மோர் சில்லென்று இருக்கும்.

"மோருல இஞ்சி தட்டிப் போட்டிருக்கீங்க" என்றார்.

"எப்பவும் போடறதுதான்."

"நேத்துப் போடலீங்களே."

"நேத்து இஞ்சி இல்ல."

"தனியா இருந்தா இஞ்சியெல்லாம் எங்கங்க தட்டத் தோணுது" என்றார். அவர் சம்சாரம் இறந்து ஆறு வருஷம் இருக்கும். நான் தம்ளரை வாங்கிக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவிவிட்டேன் போலிருக்கிறது. நிமிர்ந்தபோது அவர் தன் பங்குக்குள் போயிருந்தார்.

மார்கழி 26, வெள்ளி

காற்று. மழை. கடைத் தகரம் ஒன்று பறந்து கோழிக்கடைக்குள் போனது. மேலே ஏறவில்லை. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

மார்கழி 27, சனி

நாசமாகப் போன காற்று.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், என் பங்கில், தடத்தை அடைத்துக்கொண்டு ஒரு ஆச்சா மரம் விழுந்து கிடக்கிறது. இரண்டு பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும். ஆச்சா என்றால் மரம் இல்லை, இரும்பு. கோடாலி பட்டால் மணியடிக்கிற சத்தம் வருகிறது. ரம்பம் மலைக்குள் ஆகாது, ஃபாரஸ்ட்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். விழுந்த மரத்தைக் கோடாலியால் வெட்டலாம் என்பது மட்டும்தான் மலைக்காரர்கள் வாங்கி வைத்திருக்கிற அனுமதி.

ஊர்க்கவுண்டர் வெள்ளையன் மேலிருந்து இறங்கி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"கல்லு மேல கெடந்திருந்தா ரெண்டு பங்குக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்னு வெட்டலாம் கடக்காரம்மா. இது உன்னுதுல கெடக்குது. உன்னுதுதான்."

"நாலே நாள்ல நான் ஒருத்தி வெட்டற மரமாங்க இது?"

"அத மரத்துகிட்டக் கேளு."

பொழுது சாய்கிற வரை வெட்டினேன். ஒரு கை நுழைகிற அளவுக்கு வாய் விழுந்திருக்கிறது. தீபன் போன் செய்தான். "ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கேம்மா, மஞ்சக் கலர், உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். பாவம், பாசமாகத்தான் சொல்கிறான். எனக்கு அழுகை வந்தது, மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்றேன்.

செங்கோடன் இன்று வரவில்லை. அவர் வராததை நான் கவனிக்கவும் இல்லை. மத்தியானமும் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. பங்கு தன் கைக்கு வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது, எதற்கு ஏறி வரவேண்டும்? வியாபாரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மோரைக் கொட்டினேன்.

மார்கழி 28, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்தும் விடியாமல் கடப்பாரையோடு ஏறினேன். எதற்கு என்றால், எல்லைக்கல்லை நெம்பி மரத்தடிக்கு நகர்த்துவதற்கு. தப்பா என்று கேட்டால் தப்புதான். ஆனால் மரத்தைவிடக் கல் லேசு, ஓசூரைவிட இந்தத் தப்பு லேசு. இந்த முடிவோடுதான் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் கல் அங்கே இல்லை. மரத்தடியில், தண்டுக்குச் சரியாக நடுவில் ஊன்றியிருக்கிறது. பழைய குழியை மூடி மேலே சருகு பரப்பியிருக்கிறது. நல்ல வேலை. நான் செய்திருந்தால் சருகு பரப்ப மறந்திருப்பேன்.

கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தப்பை வேறு யாரோ செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல் இப்படி நகர்ந்ததால் லாபம் எனக்கு மட்டும்தான். நஷ்டம் ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

அந்த ஒரே ஒரு ஆள் கொஞ்ச நேரத்தில் கோடாலியோடு வந்தார். மரத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். என் கடப்பாரையைப் பார்த்தார்.

"அடடா, மரம் கல்லு மேலயா விழுந்திருக்குது? அப்ப நானும் வெட்டோணுமே. இதென்னுங்க தொந்தரவு."

"வேட்டியெல்லாம் சுண்ணாம்பா இருக்குதே" என்றேன். எல்லைக்கல்லுக்குப் போன மாதம்தான் சுண்ணாம்பு அடித்தார்கள்.

"வெத்தலைக்குத் தடவுனதுங்க."

அவர் வெற்றிலை போடுவதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியும். அவ்வளவுதான்.

"நேத்து முழுக்க எங்க போயிருந்தீங்க?"

"மண்டித் தகரம் பறந்துருச்சுங்க. தேடுனீங்களா?"

"எதுக்குத் தேடறேன்? உங்க பக்கத்துல நின்னு வெட்டுங்க."

அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரே வெட்டுவாய். அவர் கோடாலி ஏறும்போது என்னுடையது இறங்க வேண்டும். முதலில் இரண்டும் நடுவில் மோதி நெருப்புப் பறந்தது. "நீங்க அவசரப்படறீங்க" என்றார். "நீங்க மெதுவு" என்றேன். மத்தியானத்துக்குள் அவர் கொஞ்சம் வேகமானார், நான் கொஞ்சம் மெதுவானேன். அதற்குப் பிறகு மோதவில்லை.

மார்கழி 29, திங்கள், போகி

முக்கால்வாசி வெட்டியாகிவிட்டது. அப்போது ஊர்க்கவுண்டர் வந்தார். கல்லைப் பார்த்தார். நேராகப் போய்ப் பழைய குழியின் சருகைக் காலால் தள்ளினார். அறுபது வருஷமாக அந்தத் தடத்தில் நடக்கிறவர். சருகு அவரை என்ன செய்யும்?

"கல்லுக்குக் காலு மொளச்சிருச்சா?"

செங்கோடன் எனக்காகக் கல்லை நகர்த்தினார் என்று தெரிந்தால் அவர் பங்கும் போகும். பேசாமல் இருந்தால் கவுண்டர் விசாரிப்பார். அந்த வேட்டி ஒன்று போதும் சாட்சிக்கு. என் பங்கு எப்படியும் போன பங்குதான். ஒரு பங்காவது பிழைக்கட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நாந்தானுங்க நகத்துனேன்" என்றேன்.

"நாந்தானுங்க நகத்துனேன்" என்றார் செங்கோடன்.

இரண்டும் ஒரே நேரத்தில்.

"அவரு சும்மா சொல்றாருங்க. கடப்பாரை பாருங்க, என்னுதுதான்."

"பொம்பள தூக்கற கல்லாங்க அது? என் வேட்டியப் பாருங்க."

"என்னால தூக்க முடியாதா? இப்பத் தூக்கிக் காட்டட்டா?"

ஊர்க்கவுண்டர் மரத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தார். இருமல் வருகிற வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "சிரிப்பு வேற, தடம் வேற" என்றார்.

"ரெண்டு வீட்டுக்கு நடுவுலதான் கல்லு. கல்ல ஏமாத்தி நகத்தக் கூடாது. பழைய குழியில திருப்பி வெச்சா மரம் அம்மாளுது, இதுல செங்கோடன் கோடாலி பட்டிருக்குது, அம்மா பங்கு போச்சு. வெக்க மாட்டோம்னா கல்லையே எடுத்துருங்க. எடுத்தா ரெண்டும் ஒரே பங்கு. யாரு கோடாலி எங்க பட்டாலும் குத்தமில்ல. ஆனா ஒரு பங்குன்னா ஒரு வீடு. நாளைக்குள்ள முடிவு பண்ணுங்க."

"ஒரு வீடுன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டேன்.

"அத எங்கிட்டக் கேக்காத. நான் தடம் பாக்கறவன்." போய்விட்டார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கோடாலி வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் கூராகத்தான் இருந்தன.

"கல்லத் திருப்பி வெச்சா உங்களுக்கு என் பங்கும் சேந்து ரெண்டு பங்கு. கணக்கு நல்லாத்தானே இருக்குது? ஏன் வெக்கலே?"

"பக்கத்துப் பங்குல நீங்க இல்லாம ரெண்டு பங்க வெச்சுட்டு நான் யாருகிட்டங்க சண்டை போடறது?"

வியாபாரத்தில் பதில் தெரியாவிட்டால் நிபந்தனை போட வேண்டும். போட்டேன்.

"கல்ல எடுக்கறதுன்னா ஒண்ணு. உங்க மண்டி வாசல்ல கோடாலி தொங்கக் கூடாது."

"அத எறக்கி ரெண்டு வருசம் ஆச்சுங்க."

"எனக்குத் தெரியாதே?"

"நீங்க மண்டிப் பக்கம் தலையத் திருப்புனாத்தானே தெரியும்?"

நான் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்தேன். அவர் மறுபக்கம் தோளைக் கொடுத்தார். உருண்டு பள்ளத்தில் விழுந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டது. இவ்வளவு பெரிய முடிவை இவ்வளவு சீக்கிரம் நான் எடுத்ததில்லை. ஒரு பெட்டி ஆணி வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான்.

தை 1, செவ்வாய்

பொங்கல் வைத்துவிட்டு ஏறினேன். பானையோடு கொஞ்சம் கொண்டு போனேன். பானை பெரியது என்று இந்தத் தடவை எழுதப்போவதில்லை.

சாயங்காலம் மரம் இரண்டானது. கீழ்ப்பாதியை நெம்பித் தள்ளினோம். தடத்தில் மலைக்காற்று வந்தது.

தை 2, புதன், மாட்டுப்பொங்கல்

காளை இறங்கியது. மாலை, சலங்கை, ஆளுயரக் கொம்பு. எங்கள் பங்குக்கு வந்ததும் வெட்டுப்பட்ட ஆச்சாவை மோந்து பார்த்து நின்றுவிட்டது. எனக்கு மூச்சும் நின்றது. செங்கோடன் என் பக்கம் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை, ஆனால் அவர் மூச்சு விடாததும் எனக்குக் கேட்டது. காளை தலையை ஆட்டியது. கொம்பு இந்தக் கொப்புக்கும் அந்தக் கொப்புக்கும் நடுவில் வெறும் காற்றைத்தான் கிழித்தது. நடந்து போய்விட்டது.

தீபனுக்குப் போன் செய்தேன். "பங்கு தேறிருச்சுடா. கடையும் இருக்குது, நானும் இருக்கறேன். மஞ்ச ரூம்ல நீ மாமியாரக் கூட்டி வெச்சுக்கோ." கொஞ்சம் தயங்கி, "பங்குல ஒரு ஆளச் சேத்துட்டேன்" என்றேன்.

"வியாபாரத்துலயாம்மா?"

"இப்போதைக்கு அப்பிடித்தான் வெச்சுக்கோ."

மறுமுனையில் அவன் சிரிப்பை அடக்குவது கேட்டது. கோகிலா ஏற்கனவே போன் போட்டிருக்கிறாள். அவளுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும்.

பங்கு தேறிய வீடுகளை அடிவாரத்தில் ஊர்க்கவுண்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு ஒரு தேங்காய் கொடுப்பார். எங்கள் முறை வந்தது. "கல்லெடுத்த வீடு!" என்றார். கூட்டம் சிரித்தது. இரண்டு பேரும் போனோம். கொடுத்தது ஒரே தேங்காய்.

கடை வாசல் வரைக்கும் அதைச் செங்கோடன் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒடச்சு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாங்களா?"

"முழுசாவே இருக்கட்டும்."

"எந்த வீட்டுலங்க வெக்கறது?"

"இன்னிக்கு இங்க இருக்கட்டும். நாளைக்கு உங்க வீட்டுல."

"அதுக்கு மறுநாள்?"

"இங்க."

"தெனமும் தேங்காயத் தூக்கிட்டு நடக்க முடியுங்களா அம்மிணி?"

முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு என்ன வழி என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் பேரத்தில் முதலில் விலை சொன்னவர்தான் இறங்கி வர வேண்டும். அதனால் நான் சொல்லவில்லை. அவரும் தொழில் தெரிந்த மனுஷர், சொல்லாமல் சிரித்துக்கொண்டே போனார். நாளைக் காலையில் தேங்காய்க்கு வருவார். பார்ப்போம்.